ஊதா சிஸ்டரின் நான்கு பீரோக்கள்

யமுனா, தினேஷ், இரண்டு பேரும் இதை முழுசாகப் படித்துவிட்டு, அதற்கப்புறம் அந்தக் கீழ்வீட்டு வாசலைத் தாண்டி ஓடுங்கள். இப்போது ஓடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

கீரைக்கும் தூக்கம் உண்டு என்று சொல்லி, லத்தியோடு வந்த போலீஸையே குசுகுசுவென்று பேச வைத்த மனுஷி இந்தச் சென்னையிலேயே ஒருவர்தான். அவர் பெயர் எங்கள் பிளாட்டில் யாருக்கும் தெரியாது. ராத்திரி ஆனால் அவர் இருந்த கீழ்வீட்டு ஜன்னல் ஊதாவாக எரியும். அதனால் ஊதா சிஸ்டர். ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோயிலுக்குப் போவார். மற்ற ஆறு நாளும் கதவு சாத்தியே இருக்கும்.

நான் பத்தாவது வரைதான் படித்தவன். ராஜா அண்ணாமலைபுரத்தில் இந்தப் பன்னிரண்டு வீட்டு பிளாட்டுக்கு எலெக்ட்ரீஷியன். மோட்டார் போடுவது, பியூஸ் கட்டுவது, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து ஆறுதல் சொல்வது எல்லாம் நான்தான். சிஸ்டர் ஒருநாள் கூப்பிட்டு, ஒரு ரூமுக்கு மட்டும் தனி லைன் இழுக்கச் சொன்னார். நாலு பிளக், நாலுக்கும் தனித்தனி குட்டி மீட்டர். எதற்கு என்று கேட்கவில்லை. இழுத்துக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு பிளக் லூஸாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். மத்தியானம் பன்னிரண்டு மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே கும்மிருட்டு. பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பியதில் அந்த வீட்டுக்கு ஏற்கெனவே வெயில் போய்விட்டது. மிச்சம் இருந்ததையும் சிஸ்டர் கறுப்புத் தாள் ஒட்டி அடைத்திருந்தார்.

"செருப்பை வெளிய விடு. கையைக் கழுவு. முழங்கை வரைக்கும்."

"சிஸ்டர், பிளக்கைப் பாக்கத்தான் வந்தேன்."

"மெதுவா பேசு. தூங்கறாங்க."

"யாரு?"

பச்சைக் கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு டார்ச்சை அடித்துக் காட்டினார். சுவரோரம் நாலு இரும்பு பீரோ, வரிசையாக. உள்ளே சின்னதாக ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. குட்டி ஃபேன் என்று பிறகு தெரிந்தது. அப்போது மூச்சு மாதிரிதான் கேட்டது.

பிளக் முதல் பீரோவுக்குப் பின்னால். கையை விட்டுத் துழாவினேன். என் மணிக்கட்டில் மெல்லிசாக, குளிர்ச்சியாக எதுவோ பட்டது. பீரோவின் பின்பக்கத்தில் ஒயர் போகிற ஓட்டை வழியாக வெள்ளை வெளேரென்று நாலைந்து விரல்கள் வெளியே நீண்டிருந்தன.

பின்னால் நகர்ந்து சிஸ்டர் காலை மிதித்துவிட்டேன்.

"ஒண்ணாம் நம்பர்" என்றார் சிஸ்டர், வருத்தமாக. "வெளிய வரப் பாக்கறான். தாங்க மாட்டான் இவன்."

முளைக்கீரைத் தண்டு, பிள்ளைகளே. வெளிறிப்போய், நூல் மாதிரி நீண்டுபோன கீரைத் தண்டு.

நாலு பீரோவிலும் ஒரே நாளில் விதைத்த ஒரே கீரை. ஒன்றில் குண்டு பல்பு, ஒன்றில் டியூப்லைட், ஒன்றில் வெள்ளை எல்இடி, நாலாவதில் ஊதா எல்இடி. பகல் சூட்டில் விளக்கும் எரிந்தால் பீரோ அடுப்பாகிவிடும் என்று, சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரைக்கும் அவர்களுக்குப் பகல். நமக்குப் பகல் வந்தால் அவர்களுக்கு இரவு. விளக்கு எரிகிற நேரம் சூடு போகட்டும் என்று ஜன்னலோர நாலாவதின் கதவைத் திறந்து, கறுப்புத் தாளையும் தூக்கிவிடுவார்; அதுதான் ஊதா ஜன்னல். இருபத்தோரு நாள் ஆனதும் அறுத்து எடை போட்டு, வெயில் வராத வீட்டில் எந்த விளக்கு ஒரு யூனிட் கரண்டுக்கு அதிகக் கீரை கொடுத்தது என்று பார்க்க வேண்டும். தினமும் உயரம் அளந்து, தட்டோடு எடை போட்டு, வார்டில் மாட்டுகிற மாதிரியே சுவரில் நாலு சார்ட். ஒவ்வொன்றிலும் தேதி, எடை, நிறம், மணி, காரணம் என்று கட்டம் போட்டிருந்தார்.

குண்டு பல்பு தோற்றது ஏன் என்று எனக்கே தெரியும். அது தின்கிற கரண்டில் முக்கால்வாசிக்கு மேல் சூடாகத்தான் போகிறது. ஊதா விளக்கு கெட்டிக்கார விளக்கு. சிவப்பும் நீலமும் கலந்தது, செடி ரொம்ப விரும்பிச் சாப்பிடுவது அந்த இரண்டையும்தான். ஆனால் அதில் பச்சை வெளிச்சம் கிடையாது. பச்சை இருந்தால்தானே இலை அதைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும்? அதனால் ஊதாவில் இலையெல்லாம் கறுப்பு. ஒரு சாயங்காலம் அந்த பீரோவுக்குள் கையை நீட்டினேன். என் கை செத்துப்போன ஒருத்தருடைய கையாகத் தெரிந்தது. சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

சிஸ்டருக்கு உரக்கப் பேசுகிற வழக்கமில்லை. ஆனால் எடை போடும்போது மட்டும் வார்டில் சொல்வது போல் நம்பர் சொல்வார். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அஞ்சலை அக்கா அதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டார். கூடையை அங்கேயே போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். மீன் வாங்க நின்ற இரண்டு மாடிவீட்டு அம்மாக்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"இன்னா மணி, உள்ள நாலு புள்ளைங்க கீதுங்களா?"

"புள்ளைங்க இல்லக்கா. கீரை."

"கீரைய எவனாச்சும் 'அவன்'னு சொல்லுவானா நைனா? நாலாம் நம்பரு நல்லா எடை ஏறிக்கினு கீறானாம். ஒண்ணாம் நம்பரு பொழைக்க மாட்டானாம். ரெண்டு காதாலயும் கேட்டேன்."

சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் நாலிலிருந்து ஏழாகிவிட்டார்கள். மூன்றாவது மாடியில் அழுகுரலே கேட்டதாம். மறுநாள் மத்தியானம் பிளாட்டின் செக்ரட்டரி போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். ஒரு பெண் போலீஸ் லத்தியோடு வந்தார். நானும் செக்ரட்டரியும் பின்னால் நின்றோம்.

கதவு திறந்தது. சிஸ்டர் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"செருப்பு, ஷூ எல்லாம் வெளிய. கையைக் கழுவுங்க."

"ஏம்மா, நாங்க போலீஸ்."

"அதான் கழுவச் சொல்றேன். எங்கெங்கயோ தொட்டுட்டு வந்திருப்பீங்க."

அந்தம்மா ஷூவைக் கழற்றியதை நான் என் கண்ணால் பார்த்தேன். முழங்கை வரை சோப்பு போட்டார். இருட்டில், கீரையை எழுப்பாத பச்சை டார்ச் வெளிச்சத்தில், ஒவ்வொரு பீரோவாகத் திறந்து காட்டினார் சிஸ்டர். கடைசி பீரோவில் கீரை ஃபேன் காற்றில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"கீரை" என்றார் போலீஸம்மா, கிசுகிசுப்பாக.

"மெதுவா" என்றார் சிஸ்டர்.

வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகும் அந்தம்மா கிசுகிசுப்பாகவேதான் செக்ரட்டரியைத் திட்டினார். "இதுக்காடா, சாரி, இதுக்கா சார் கூப்ட்டீங்க?"

செக்ரட்டரிக்கு முகம் செத்துவிட்டது. அந்தக் கோபம் என் பக்கம் திரும்பியது.

"மணி, நாலு பீரோவுல கரண்டு. பத்திண்டா யார் பொறுப்பு? இன்னிக்கு சாயங்காலம் அந்த லைனைக் கட் பண்றே. இல்லேன்னா நாளைக்குக் காத்தால நீ ரூமைக் காலி பண்ணிண்டு கிளம்பலாம்."

நான் இழுத்த லைன் தீப்பிடிக்காது என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற நம் ரூம் நினைவுக்கு வந்தது. நீங்கள் இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தீர்கள். பதினெட்டாம் நாள். இன்னும் மூன்று நாள்தான் பாக்கி என்று சிஸ்டர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

ஆறு மணிக்கு ஜன்னல் ஊதாவானது. ஆறு இருபதுக்கு நான் பியூஸை உருவினேன். ஊதா போனது. உள்ளே சத்தமே இல்லை. யாராவது கத்தினால் தேவலை என்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. டார்ச் இல்லாமல், இருட்டில் வெறும் குரல்.

"யார் சொல்லி எடுத்தன்னு கேக்க மாட்டேன் மணி. எத்தனை மணிக்கு எடுத்த? சார்ட்ல எழுதணும்."

"ஆறு இருபது, சிஸ்டர்."

கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில் அவரே நாலு தட்டையும் ஒவ்வொன்றாக மொட்டைமாடிக்குத் தூக்கினார். மூன்றாவது தட்டுக்குத்தான் எனக்குப் போய்ப் பிடிக்கத் தைரியம் வந்தது. குடையை விரித்து நிழல் கட்டினோம். வெயில் வெளிச்சத்தில் நாலாம் நம்பரைப் பார்த்ததும் சிஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எடையில் முதல் ஆள் அவன்தான். இலையெல்லாம் மஞ்சள் திட்டு. அடியில் சாம்பல் பூத்திருந்தது. எத்தனை நாளாகவோ நோய். ஊதாவிலும் பச்சை டார்ச்சிலும் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

"காமாலை வந்த புள்ளைங்களை நீல லைட்டுக்குக் கீழ போட்டு வைப்போம் மணி" என்றார். "அந்த வெளிச்சத்துல எந்தப் புள்ளையோட நிறமும் தெரியாது. அணைச்சுட்டுத்தான் பாக்கணும். ஒரு நாள் நான் அணைக்காம பாத்தேன்."

"அப்புறம்?"

"அந்தப் புள்ளை தங்கல. அணைக்காம பாத்தேன்னு சார்ட்ல எழுதினேன்."

"எழுதாம விட்டிருக்கலாமே சிஸ்டர்?"

"விட்டிருக்கலாம்."

அன்றே அறுத்து எடை போட்டார். யூனிட்டுக்கு ஊதாதான் கொஞ்சம் அதிகம். வெள்ளை எல்இடி அதை ஒட்டி வந்தது, டியூப்லைட் அதற்குப் பின்னால். குண்டு பல்புக்குத் தராசு அசையவே இல்லை. "வெள்ளைதான்" என்று முடிவு எழுதினார். "ரெண்டு கிராம் கம்மியா போனா போகட்டும். மூஞ்சி தெரியணும்." மூன்றாம் நம்பர் கீரையில் ஒரு கட்டு நம் வீட்டுக்கு வந்தது. அன்று நீங்கள் சாப்பிட்ட கூட்டு அதுதான்.

போன மாதம் அவர் தங்கை வீட்டோடு போய்விட்டார். சொல்லிக்கொண்டு போனபோதும் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்கச் சொன்னார் செக்ரட்டரி. காலி வீட்டில் நான் மட்டும் போனேன். கறுப்புத் தாளைக் கிழித்ததும் வெளிச்சம் வந்தது. சார்ட்டுகள் அப்படியே இருந்தன. பதினெட்டாம் நாள் வரிசையில் 'மணி 6.20' என்று அழகான எழுத்து. பக்கத்தில், காரணம் என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தார்.

ஒருத்தர் எனக்காக அவ்வளவு இடம் விட்டு வைத்தது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். சுவரில் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி சின்னதாக எழுதினேன்: 'எலெக்ட்ரீஷியன் மணி. பயத்தில் எடுத்தேன்.'