வலது கையைப் பூட்ட ஓர் ஆள்

“சட்டைக் கையில கிடக்கிற தெறியைப் பற்றி எழுதவோ உன்னைக் கம்பசுக்கு அனுப்பினது?” என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார். ஒரு பொத்தானுக்கு இவ்வளவு படிப்பா என்று நினைத்த அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்து, பல்கலைக்கழகமும் போனவள் நான் ஒருத்திதான். இதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன். படித்தவள் என்பதால் எதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். கைலிங்கத்தாரைப் பற்றித்தான்.

திருகோணமலைத் துறைமுகம் எத்தனையோ நாட்டுக் கப்பல்களைக் கண்டிருக்கிறது. ஆனால் கஃப்லிங் போட்டுக்கொண்டு மீன் ஏலம் கூறும் மனிதரை உலகத்தில் வேறெந்தத் துறைமுகமும் கண்டிருக்காது.

இடுப்புக்கு மேலே பார்த்தால் அவர் ஏதோ ஒரு நாட்டின் தூதுவர். கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் இரண்டாக மடித்த கை, அதன் துளைகளைக் கோத்துப் பிடிக்கும் கஃப்லிங். இடுப்புக்குக் கீழே கட்டம் போட்ட சாரமும் றப்பர் செருப்பும். லிங்கநகரில் ஓர் அறையில் தனியாக இருந்தார். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் கஃப்லிங்கைப் பற்றித்தான் பதில் வரும். அதனால் கரை வைத்த பெயர்தான் கைலிங்கத்தார்.

ஏலத்துக்கு நடுவே சரித்திரமும் நடக்கும்.

“முந்தி வெள்ளைக்காரன் சட்டைக் கையை நாடாவாலதான் கட்டினவன். இந்தப் பாரையை யார் கேக்கிறது? நாடா அவிண்டு சூப்புக்குள்ள விழத் தொடங்கினாப் பிறகுதான் ரெண்டு தெறியைச் சங்கிலியால கோத்தவன். கேளுங்கோ, கேளுங்கோ. பிறகு கையைக் கஞ்சியில விறைக்க வைச்சான். அதுக்குள்ள சும்மா தெறி நுழையுமோ?”

சூப்பு அவருடைய சொந்தச் சரக்கு என்பது என் கருத்து. மற்றபடி, பணக்காரர்கள் போட்டதை இயந்திரம் மலிவாக்கியதும், பிறகு கந்தோர்க் கிளாக்கர்மாரும் போட்டதும், பட்டுநூல் முடிச்சைக்கூடச் சிலர் கஃப்லிங்காகக் குத்தியதும் கரையில் எல்லோருக்கும் மனப்பாடம். சட்டையிலேயே தெறியைத் தைத்துவிட்டவனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்துவிடும். “சோம்பேறி,” என்பார்.

கஃப்லிங்கில் ஒரு சிக்கல் உண்டு. இடது கையை அவரே பூட்டிவிடுவார். வலது கையைப் பூட்ட இன்னொருவர் வேண்டும். பிரபுக்கள் அதற்கென்றே ஒரு வேலையாளை வைத்திருந்தார்கள் என்பார். இவருக்குக் கரை இருந்தது. விடிந்ததும் திறந்த வலது கையை நீட்டியபடி வருவார். முதலில் கரையேறும் வள்ளத்துக்காரர், செதில் ஒட்டிய விரல்களால் பூட்டிவிட வேண்டும். பெரும்பாலும் அது என் அப்பாதான். கைலிங்கத்தாரின் இடது கை சவர்க்காரம் மணக்கும். வலது கை அறக்குளா மீன் மணக்கும்.

கூத்தை ஆரம்பித்தவர்கள் வியாபாரிகள். அவர் நங்கூரம் பொறித்த கஃப்லிங் போட்ட சில நாட்களில் மீன் அள்ளுப்பட்டு விலை இறங்கியது. நீலக்கல் போட்ட சில நாட்களில் கடல் வெறுங்கை விரித்து விலை ஏறியது. அவ்வளவுதான். மீன் விலை அவருடைய மணிக்கட்டில் இருக்கிறது என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு மீனை யாரும் பார்க்கவில்லை. கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், ஓட்டோவால் இறங்கியதும் அவருடைய கையைப் படம் எடுத்து அனுப்புவார். குச்சவெளியில்கூட “இண்டைக்கு நங்கூரம்” என்று கேட்டு மீனவர்கள் பெருமூச்சு விட்டார்களாம். நான் கம்பசில் படித்தது சந்தைப்படுத்தல். புத்தகங்களில் இப்படி ஓர் அத்தியாயம் இருக்கவில்லை.

நான் விடுமுறைக்கு வந்திருந்த ஒருநாள் அப்பாவின் வள்ளம் நிறைய அறக்குளாவோடு வந்தது. இயந்திரம் பழுதாகி வெகுநாள் கரையில் கிடந்த வள்ளம் அது. பழுது பார்த்த பிறகு வலை நிறைந்த முதல் பாடு. ஐஸ் பாதியில் தீர்ந்துவிட்டது. மீனை உடனே விற்காவிட்டால் வெயில் தின்றுவிடும்.

வழக்கம்போல் கைலிங்கத்தார் வலது கையை நீட்டினார். அப்பாவின் விரல் வழுக்கியது. நங்கூரம் தன் இயல்புப்படி கடலின் அடிக்குப் போய்விட்டது. இடது கையில் மற்ற நங்கூரம். சட்டைப் பையில், வளைந்த கம்பியை நிமிர்த்தக் கொண்டுவந்த ஒற்றை நீலக்கல். அதை அப்பா வலது கையில் பூட்டிவிட்டார். அவர் ஏலத்தைத் தொடங்க, கரை உறைந்துபோனது.

“இடது கை இறக்கம், வலது கை ஏத்தம். மனிசன் எந்தக் கையைப் பாக்கிற?” என்றார் நானா.

வியாபாரிகள் இரண்டாகப் பிரிந்து, பாதிப் பேர் அவருடைய இடப்பக்கமும் பாதிப் பேர் வலப்பக்கமும் நின்று வாதாடினார்கள். யாரும் விலை கேட்கவில்லை. வெயில் ஏறியது. அப்பா மீனைச் சாக்கால் மூடிவிட்டு, தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டையும் கழற்றிப்போட்டுக் கூறும்படி பெரியப்பா கத்தினார்.

“கை திறந்தபடி நான் கூறமாட்டன், அண்ணை. ஏலாது.”

அவருடைய கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்குப் பட்டுநூல் முடிச்சு ஞாபகம் வந்தது. வலையிலிருந்து பச்சை நைலோன் நூலை அறுத்து இரண்டு உருண்டை முடிச்சு போட்டேன். முடிச்சுப் போடக் கம்பசில் படிப்பிக்கவில்லை. அது அப்பா தந்தது. இரண்டு கையிலும் பழையதைக் கழற்றிவிட்டுப் பச்சையைப் பூட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிள்ளை, இது ராசா வீட்டுக் கஃப்லிங்,” என்றார்.

“பச்சைக்கு என்ன விலை?” என்று நானா கேட்டார்.

“பச்சைக்கு ஒரு கதையும் இல்லை, நானா. மீனைப் பாருங்கோ,” என்றேன்.

வேறு வழியில்லாமல் சாக்கைத் தூக்கி மீனைப் பார்த்தார்கள். செவுள் இன்னும் சிவப்பாக இருந்தது. “அட, நல்ல மீன்,” என்று நானா வியந்தார், ஏதோ கல்லையோ கட்டையையோ எதிர்பார்த்தவர்போல. ஒரு மீன் மிஞ்சவில்லை. பெரியப்பா மட்டும், முடிச்சுப் போடவோ கம்பசுக்குப் போனது என்று கேட்டார்.

இப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எனக்கு வேலை. வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தபோது, கைக்குத் துளை போதும், தெறி வேண்டாம் என்றேன். தையற்காரர் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

இன்று முதல் நாள். வலது கையைப் பூட்டிவிட அம்மா வந்தார். வேண்டாம் என்றுவிட்டு, அதைத் திறந்தபடி நீட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். கைலிங்கத்தார் ஏலத்தைப் பாதியில் நிறுத்தினார். விரல்களைச் சாரத்தில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு, பச்சை முடிச்சை மெதுவாகக் கோத்துவிட்டார். பிறகு பாதியில் விட்ட ஏலத்துக்குத் திரும்பினார்.

இதைக் கந்தோர் மேசையிலிருந்து எழுதுகிறேன். என் வலது கை அறக்குளா மணக்கிறது.