பரணில் ஏறிய மணி

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், எனக்கே வழி மறந்துவிட்டது, உத்தண்டி என்றொரு கரடி ரேஷன் கடை நடத்திவந்தது. தினம் காலை பத்துக்கு மணி அடிக்கும், தேன் ஊற்றும். நாளடைவில் மணிச் சத்தம் கேட்டாலே மிருகங்களுக்கு எச்சில் ஊறத் தொடங்கியது. கார்டைக் கவ்விக்கொண்டு ஓடிவந்து வரிசையில் நிற்கும்.

ஒரு கோடையில் தேன் வரத்து நின்றது. மணியை நிறுத்தச் சொல்லி மட்டும் உத்தரவு வரவில்லை. கரடி விதிப்படி அடித்துக்கொண்டே இருந்தது. முதல் வாரம் ஒரே நெரிசல், அடிதடி. இரண்டாம் வாரம் பாதிக் கூட்டம். நாலாம் வாரம் ஒரு காக்காய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. “இனி அந்த மணிக்கு என் வால்கூட ஆடாது” என்று காட்டுப்பன்றி காத்தாயி தன் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தது.

அந்த நேரம் பார்த்துக் கடிதம் வந்தது. பதினைந்து நாள் கழித்து ஆய்வாளர் யானை வருகிறார்; வரிசை இல்லாத கடை மூடப்படும்.

கரடி நரியிடம் ஓடியது. “மாப்ளே, வேலை போயிடும்போல இருக்கு. இன்னும் பலமா அடிச்சுப் பார்க்கட்டுமா?”

“அடிச்சு அடிச்சுத்தானே மாமா கெடுத்தீங்க. மணியைக் கழட்டிப் பரண்ல போடுங்க. யானை வர்ற அன்னிக்கு எடுத்தாப் போதும்.”

“தேனு?”

“அது எதுக்கு வீணா?”

பதினைந்து நாள் காடு அமைதியாக இருந்தது. பதினாறாம் நாள் கரடி ஒரே ஒரு தட்டுத் தட்டியது. புழுதி பறந்தது. வரிசையில் முதல் ஆள் காத்தாயி. எச்சில் தரையைத் தொட்டது.

“சத்தியம் என்னக்கா ஆச்சு?” என்றது பின்னால் நின்ற முயல்.

“அது அந்த மணிக்கு. இன்னிக்குச் சத்தம் வேற மாதிரி இருந்துச்சுடா.”

யானை வரிசையைப் பார்த்தார். ‘இவ்வளவு எச்சில் வடிவதால் தேன் தரமானது’ என்று குறித்துக்கொண்டார். கரடியின் தோளைத் தட்டினார். “உனக்குப் பதவி உயர்வுக்கு எழுதுறேன்யா.”

முன்பெல்லாம் வரும்போதெல்லாம் இதையேதான் சொல்வார். கரடியும் நம்பி நம்பி அலுத்து, கடைசியில் நம்புவதையே விட்டிருந்தது. ஆனால் யானை இந்தப் பக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நரி மெல்லக் காதைக் கடித்தது: “மாமா, வாயைத் துடைங்க. வரிசை பார்க்குது.”

நீதி: ஏமாந்தவரை மறுபடி ஏமாற்றப் புதுப் பொய் தேவையில்லை, பழைய பொய்க்குக் கொஞ்சநாள் லீவு கொடுத்தால் போதும்.