மஞ்சள் கோட்டில் ஒரு தனி நீதிமன்றம்

ஸ்தாபகர் என்றோர் இனம் உண்டு. தேடிக் களைக்க வேண்டாம், வாசகரே. சுவிசில் நாலு தமிழர் சேர்ந்து சங்கம் வைத்த எந்த ஊருக்கும் போங்கள். முன்வரிசையில், நடுக் கதிரையில், குளிர்ச்சட்டையைக் கழற்றாமல், கார்ச் சாவியை விரலில் சுழற்றியபடி ஒருவர் வீற்றிருப்பார். அவர்தான். "நாங்கள் துவங்கேக்கை..." என்று சங்கம் தொடங்கிய கதைக்கு அவர் வாயெடுத்ததும் பக்கத்துக் கதிரைக்காரர்கள் தேநீர் எடுக்க எழுந்து விடுவார்கள்.

இந்த இனத்துக்குச் சட்டம் என்றால் உயிர். கூட்டம் பிந்தினால் எழுந்து நின்று கண்டிப்பார். பிந்தி வந்தவர் அவரே என்றால், கூட்டத்தை ஏன் முந்தித் தொடங்கினீர்கள் என்று கண்டிப்பார். சப்பாத்துக்களை அடுக்கி வைக்கத் தட்டு வாங்கி, அதற்கு மேலே 'தயவுசெய்து கழற்றவும்' என்று எழுதி ஒட்டி, ஒட்டியது நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துவிட்டு, அதே சப்பாத்துக் காலோடு மண்டபத்துக்குள் நடந்து போவார். கேட்டால்? "அது பொதுவாப் போட்ட சட்டமெல்லோ" என்பார். பொதுவென்றால் அவரைத் தவிர்ந்த உலகம் என்று நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊஸ்டர் ஊர்ச் சங்கத்துக்கு வாய்த்தவர் தம்பித்துரை அண்ணை. அவரிடம் கூடுதலாக ஒரு விசேஷம் உண்டு. சரித்திரம். அதிலும் ஒரேயொரு பகுதி: வெள்ளைக்காரர் பிறர் நாடுகளில் அனுபவித்த தனிச் சட்டச் சலுகைகளும், அவை ஒப்பந்தப் பேச்சுகளால் ஒழிந்த விதமும். வாணி விழாவோ, ஒளி விழாவோ, யாரோ ஒரு பிள்ளையின் முதலாவது பிறந்தநாளோ, மைக் கைக்கு வந்தால் அண்ணை ஜப்பானுக்குப் போய்விடுவார்.

"யோசிச்சுப் பாருங்கோ! யோக்கோஹாமாவிலை ஒரு வெள்ளைக்காரன் ஒரு ஜப்பான்காரனுக்கு அடிச்சுப்போட்டு நிக்கிறான். அந்த நாட்டு நீதிமன்றம் அவனைத் தொடேலாது. அவன்ரை நாட்டுத் தூதர், கொன்சல்தான் விசாரிப்பார். அவன்ரை ஆள், அவன்ரை சட்டம், அவன்ரை தீர்ப்பு! சீனாவிலையும் இந்தக் கூத்து, சயாமிலையும் இந்தக் கூத்து. ஒரு மண்ணிலை ரண்டு சட்டமோ?"

கேள்வி எங்களை நோக்கி வரும். இல்லை, இல்லை என்று தலையாட்டுவோம். பிறந்தநாள் பிள்ளை கேக்கைப் பார்த்து அழும். அண்ணை நிறுத்துவாரா? துருக்கியில் இந்தச் சலுகைகளை முடித்து வைத்த உடன்படிக்கை எங்கே கையெழுத்தானது? இதே சுவிசில், எங்கள் லொசானில். எகிப்தில் முடித்து வைத்தது? அதே ஏரிக்கரையில், மொந்த்ரோவில். லொசான் உடன்படிக்கைக்கு நூறு வயதான வருஷம் எங்கள் எல்லோரையும் ரயிலேற்றிக் கொண்டுபோய் ஏரிக்கரையில் நிறுத்திவைத்து, "ஒரே மண், ஒரே சட்டம்!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். பொய்க் கண்ணீர் இல்லை. நானும் கைக்குட்டையைத் தேடினேன்.

இனி அவருடைய காருக்கு வருவோம். எங்கள் மண்டபம் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. வாசலில் தீயணைப்பு வாகனத்துக்கென்று மஞ்சள் கோடு போட்டு ஒதுக்கிய இடம். சனிக்கிழமை தோறும், கீழே பிள்ளைகள் தமிழ் படித்துக்கொண்டிருக்க, அந்தக் கோட்டின் மேல் அவசர விளக்குகள் மினுங்க அண்ணையின் கார் நிற்கும். "ரண்டு நிமிஷம்தானே" என்பார். அவருடைய ரண்டு நிமிஷத்துக்குள் ஆத்திசூடி முடிந்து நடன வகுப்புத் தொடங்கிவிடும்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்வார்ட் பொறுமையான மனிதர். முதலில் சிரித்தபடி சொன்னார். பிறகு சிரிக்காமல் சொன்னார். கடைசியில், வருகிற சனி அந்தக் கார் அங்கே நின்றால் மண்டபம் உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மண்டபம் போனால் பிள்ளைகளின் வகுப்புகளும் போய்விடும். வேறிடம் கேட்டு அலைந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும்.

கோட்டில் காரை விட்டவர் அடுத்த சனி மண்டபத்தை மொப் போட்டுத் துடைக்க வேண்டும் என்று எங்களிடமும் சட்டம் இருக்கிறது. அண்ணைக்கு அது செல்லாது. ஏனென்றால் எங்கள் சங்க யாப்பின் ஏழாம் விதி: ஸ்தாபகர்கள் மீதான முறைப்பாட்டை ஸ்தாபகர்கள் மட்டுமே விசாரிப்பர். ஸ்தாபகர்கள் மூவர். ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார், மற்றவர் கோபித்துக்கொண்டு சூரிச் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். மிச்சம் யார்? குற்றம் சாட்டப்பட்டவரும் அண்ணை, நீதவானும் அண்ணை. "விசாரிச்சனான். குற்றமில்லை" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அவரோடு கதைக்கப் போனவள் ஜெனனி. இங்கே பிறந்தவள், சட்டம் படிக்கிறாள், சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு நடனம் பழக்குகிறாள். வகுப்பு முடிந்து எல்லோரும் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணைக்கு முன்னால் தேநீர்க் கோப்பையை வைத்தாள்.

"மாமா, யாப்பிலை இருந்து ஏழாம் விதியை எடுப்பம்."

"எடுக்கலாம் பிள்ளை. ஆனா உங்கடை ஆக்களுக்கு இன்னும் அனுபவம் காணாது. முதல்லை வடிவாச் சட்டங்களை எழுதுங்கோ. பிறகு பாப்பம்."

"ஜப்பான்காரருக்கும் வெள்ளைக்காரர் இதைத்தானே சொன்னவை, மாமா? முதல்லை சட்டத்தைத் திருத்து, பிறகு பாப்பம் எண்டு. நீங்கள்தானே லொசானிலை சொன்னனீங்கள்."

கதிரை அடுக்கும் சத்தம் நின்றுவிட்டது. அண்ணை தேநீரைப் பார்த்தார்.

"நான் என்ன வெள்ளைக்காரனோ?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் நான் கேலியை ஒருபக்கம் வைக்க வேண்டும். எங்கள் அகதி அட்டையைப் பார்த்ததும் மண்டபக்காரர்கள் கதவைச் சாத்திய காலத்தில், ஹோட்டலில் கோப்பை கழுவி முடித்து, தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லோடு வாசல் படியெல்லாம் ஏறி இறங்கி, இந்த நிலவறையை எங்களுக்கு எடுத்துத் தந்தவர் அவர். அவர்மேல் எனக்குப் பாசம் உண்டு. அந்தப் பாசத்தினால்தான் நாங்கள் எல்லோரும் ஏழாம் விதிக்கு இத்தனை வருஷம் கையுயர்த்தி வந்தோம்.

"மாமா, நீங்கள் எடுத்துத் தந்த மண்டபம்," என்றாள் ஜெனனி. "உங்கடை காராலை போகப் போகுது."

அண்ணை தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது!

"எகிப்துக்கு மொந்த்ரோவிலை பன்னிரண்டு வருஷ இடைக்காலம் வச்சவை. எனக்கும் வேணும்."

"ஹவுஸ்வார்ட் வாற சனி வரைக்கும்தான் வச்சிருக்கிறார், மாமா."

"ஸ்தாபகர் எண்ட பேர்?"

"அது உங்கடைதான்."

"முன்வரிசைக் கதிரை?"

"நடுவிலையே போடுவம்."

ஏழாம் விதியை நீக்கி, சட்டம் எல்லோருக்கும் ஒன்றே என்று ஜெனனி எழுதி நீட்டிய தாளில் அண்ணை கையெழுத்திட்டார். லொசானில் உடன்படிக்கை முடித்தவர்களைப் போலவே பேனாவை மூடிவைத்து எழுந்து நின்றார். நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த சனி மழை. அண்ணை காரை ஸ்டேஷனடியில் விட்டுவிட்டு, நனைந்து, மூச்சு வாங்க நடந்து வந்தார். "ஸ்டேஷனிலை இருந்து நடந்து வாறன்" என்று வாசலில் ஒருமுறை, படியில் ஒருமுறை, சப்பாத்துத் தட்டடியில் ஒருமுறை அறிவித்தார். ஆயுளில் முதல்முறையாகச் சப்பாத்தைக் கழற்றித் தட்டில் வைத்தார். வைத்து நிமிர்ந்தவர், படிக்கு மேலே வாசல் கதவுக் கண்ணாடிக்கு வெளியே எதையோ பார்த்து அப்படியே நின்றார்.

மஞ்சள் கோட்டில் ஒரு கார். அவசர விளக்குகள் மினுங்கின. சலங்கைப் பெட்டிகளை அணைத்தபடி ஜெனனி ஓடி வந்தாள்.

"மாமா, ரண்டே ரண்டு நிமிஷம்! மழையிலை சலங்கை நனைஞ்சிடும். இறக்கிப்போட்டு எடுக்கிறன்."

"அதுக்குச் சட்டம் இருக்கெல்லோ, பிள்ளை?"

"ஐயோ மாமா, புதுச் சட்டத்தை எழுதினதே நான்தானே!"

அந்தக் குரலை நான் நன்றாக அறிவேன். 'நாங்கள் துவங்கேக்கை' என்ற அதே குரல், வயது மட்டும் இளசு. நல்லவேளை, ஹவுஸ்வார்ட் வருமுன் தானே ஓடிப்போய்க் காரை எடுத்தாள். திரும்பி வந்தபோது படியடியில் அண்ணை மொப்போடு நின்றார். வாழ்நாளில் அவர் அதைத் தொட்டதும் அதுதான் முதல்தடவை. இரண்டு கையாலும், பரிசு கொடுப்பவர் மாதிரி நீட்டினார்.

"அடுத்த சனிக்கு. ஒரே மண், ஒரே சட்டம்."

அவள் முகம் சிவந்தது. பிறகு சிரித்து, வாங்கிக்கொண்டாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள், வாசகரே. நீங்கள் எந்தச் சங்கத்துக்கும் ஸ்தாபகர் இல்லை, சரி. வரிசையில் பின்னால் நின்று ஒருமுறையும் முன்னால் எட்டிப் போகாதவர், அதுவும் சரி. ஆனால் இதை வாசிக்கத் தொடங்கி ரண்டு நிமிஷத்துக்கு மேலாகிவிட்டது. உங்கள் கார் இப்போது எங்கே நிற்கிறது?