காளி அண்ணாச்சியின் ஹார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருஷம் யோசித்துவிட்டேன். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதினால் வீட்டில் என்ன சொல்வார்கள், அதில் அம்மனையும் இழுத்தால் ஊரில் என்ன சொல்வார்கள் என்ற பயம். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து அச்சில் ஏறுமா என்ற கூச்சம் வேறு. செந்திலாண்டவன் துணை என்று இன்று துணிந்துவிட்டேன். ஏனென்றால், தோற்பதற்கென்றே கம்ப்யூட்டர் வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். எங்கள் கல்கத்தா பெஹாலாவில் அப்பளமும் காப்பிப்பொடியும் விற்ற காளி அண்ணாச்சி!

வங்காளிகளுக்கு அவர் ‘காளி காக்கு’, அதாவது காளிச் சித்தப்பா. திருநெல்வேலிக்காரனான எனக்கு அண்ணாச்சி. சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததோ என்னவோ.

வியாபாரத்துக்கு என்று சொல்லித்தான் அந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கினார். போன் ஒயரைச் செருகினால் பூனையை மிதித்த மாதிரி கத்திவிட்டு இன்டர்நெட் வரும். வந்ததும் அண்ணாச்சி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருவார். ஊர் பேர் தெரியாத மூன்று பேரோடு சீட்டாட்டம்.

சாதாரணச் சீட்டாட்டத்தில் சீட்டைப் பிடிப்பவன் கெட்டிக்காரன். இது தலைகீழ். பிடிக்காமல் தப்பிப்பவன்தான் கெட்டிக்காரன். இதயம் போட்ட சிவப்பு ஆட்டின் சீட்டு வந்தால் ஒன்றுக்கு ஒரு புள்ளி. கறுப்பு இஸ்பேட் ராணி வந்தால் பதின்மூன்று. புள்ளி ஏற ஏறத் தோல்வி. ஆகவே உலகமே அந்தக் கறுப்பு ராணியை அடுத்தவன் தலையில் தள்ளப் பார்க்கும்.

அண்ணாச்சி மட்டும் தள்ளமாட்டார்.

“கறுப்பா இருக்கா, ராணியா இருக்கா. கல்கத்தாவுல இருந்துக்கிட்டு இவ யாருன்னு உமக்குத் தெரியலையா வே? காளியாத்தா! வீடு தேடி வாரவளை அடுத்தவன் வாசல்ல தள்ளிவிடச் சொல்லுதீரா?”

“அண்ணாச்சி, அது வெறும் சீட்டு.”

“கோயில்ல இருக்கது வெறும் கல்லா?”

ஹவுராப் பட்டறையில் இரும்பு ராவிவிட்டு வந்து தினமும் அவர் பக்கத்தில் உட்காருவேன் நான். ஆட்டின் சீட்டுகளும் அவருக்குச் செம்பருத்திப் பூ. காளிக்கு உகந்த பூ என்று அதையும் வாரிக்கொள்வார். ராணி வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ‘மதர் கம். குட்’ என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்புவார். எதிரில் ஆடுகிறவர்கள் அவர் பெயரே மதர் என்று நினைத்துவிட்டார்கள். கனடாக்காரர் ஒருவர் தினமும் ‘ஹலோ மதர்!’ என்றுதான் வருவார். அண்ணாச்சிக்குப் பூரிப்பு. காலையிலிருந்து கடை மூடும்வரை ‘நூறு கிராம்’, ‘கால் கிலோ’ தவிர அவரிடம் பேச்சுக் கொடுக்க யார் இருந்தார்கள்? அந்தப் பெட்டிக்குள்தான் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

மதினிக்கோ தன் புருஷனைப் பற்றி ஏகப் பெருமை. அவர் பெயருக்கு நேரேதான் எப்போதும் பெரிய எண்! “எங்க வீட்டுக்காரருதான் தினமும் முதல் மார்க்கு” என்று தெரு முழுக்கச் சொல்லி வந்தார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு ரூமா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“காக்கிமா, ஏட்டா தோ ஹார்!”

மதினியின் முகம் மலர்ந்தது. “ஆரமா? தங்கமா, கவரிங்கா?”

வங்காளியில் ஹார் என்றால் கழுத்தில் போடும் ஆரம். ஹார் என்றால் தோல்வியும்தான். ‘சித்தி, இது ஹார் ஆச்சே’ என்று ரூமா சொன்னது இரண்டாவது என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்த பிறகு மதினியின் குரல் டிராம் டிப்போ வரை கேட்டது.

“இம்புட்டு நாளும் தோத்துக்கிட்டா இருந்தீரு? உம்ம பேருக்கு நேரே ஒரு தடவையாச்சும் சைபர் வரணும். வரலேன்னா, காளி பூஜைக்கு மறுநா பழைய சாமான்காரன் வண்டியில இந்தப் பொட்டிய ஏத்திருவேன்!”

ராணியைத் தள்ளினால் சைபர் சுலபம். அண்ணாச்சி தள்ளமாட்டார். இன்னொரு வழி உண்டு. ராணியையும் பதின்மூன்று ஆட்டினையும் ஒருவரே பிடித்தால் அவருக்குச் சைபர். மற்ற மூவருக்கும் இருபத்தாறு. ஒரே ஒரு ஆட்டின் தவறினாலும் போச்சு.

காளி பூஜையன்று விளக்கு வைக்கும் நேரம். தெருவெல்லாம் வெடிச் சத்தம். மதினி இடுப்பில் கைவைத்து நிற்க, அண்ணாச்சி ஆட்டம் தொடங்குமுன் மூவருக்கும் தட்டிவிட்டார்: ‘டுடே மதர் பூஜா. நோ ஜீரோ, வைஃப் செல் கம்ப்யூட்டர்.’

“ஒமக்கு வெக்கமா இல்லையா? ஊர் முழுக்க என் மானத்த வாங்குதீரே!” என்றார்கள் மதினி.

அன்று ஆட்டின் ஒவ்வொன்றாக அவரிடமே வந்து விழுந்தது. கடைசியில் அவர் கையில் இரண்டே சீட்டு: ஆட்டின் ராஜா, இஸ்பேட் ராணி. இஸ்பேட்டில் ராணிக்கு மேலானவை போய்விட்டன. ஆட்டின் ஆஸ் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை. ராஜாவைப் போட்டார். அதைவிடப் பெரிய ஆஸ் விழுந்தால் கதை முடிந்தது.

கனடாக்காரர் போட்டது ஆட்டின் நாலு.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சீட்டான ராணியைப் போட்டார். அவள் காலடியில் வந்து விழுந்தது கனடாக்காரரின் கடைசிச் சீட்டு. ஆட்டின் ஆஸ்! அண்ணாச்சியின் பெயருக்கு நேரே சைபர்.

‘ஹேப்பி பூஜா, மதர்’ என்று எழுத்து வந்தது.

“அண்ணாச்சி, அந்த மனுஷன் ஆஸை வச்சுக்கிட்டே நாலைப் போட்டிருக்காரு. உங்களுக்காக விட்டுக்கொடுத்துட்டாரு!”

“கனடாவுல இருக்கவன் காளிக்குப் பூப்போடக் கூடாதா வே?”

மதினி பூஜைக்கு வைத்திருந்த செம்பருத்தியில் ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டர் தலையில் வைத்துவிட்டுத் தோசை ஊற்றப் போய்விட்டார்கள்.

அண்ணாச்சி இப்போது நியூ டவுனில் மகன் வீட்டில், பதினான்காம் மாடியில் இருக்கிறார். காப்பிப்பொடி எங்கே வாங்கினாலும் எனக்கு அந்த ருசி வருவதில்லை.

இதைப் படித்த நீங்கள் யாரிடமாவது சொல்வதானால், கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள். ஹார் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழாக்கிவிடாதீர்கள். அண்ணாச்சிக்கு அதன் இரண்டு அர்த்தமும் ஒன்றுதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அப்படியே ஆகிவிட்டது.