கழிவுநீர் அதிகாரி வானத்தில் ஏறிய கதை

மேற்பார்வை என்றால் மேலே இருந்து பார்ப்பது என்னும் எளிய உண்மை, அந்தக் கடற்கரை நகரத்தின் கழிவுநீர் மேற்பார்வை அதிகாரிக்குத் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதி வரை தெரியாமலே இருந்தது. அதைத் தெரியவைத்த பெருமை அவருடைய சகலையைச் சேரும்.

சகலை தரை ஓடு வியாபாரி. மனைவியைக் கூட்டிக்கொண்டு, குட்டி விமானம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நகரத்தை மேலே இருந்து சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். ஊரில் அப்போது அதுதான் மோகம். அதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு மீன் தொட்டி மோகம் இருந்தது. அதற்கும் முன்னால் கூடத்தில் செயற்கை அருவி வைக்கும் மோகம். அருவி பாசி பிடித்து, மீன்களும் செத்து மிதந்த பிறகு, வசதியுள்ளவர்கள் பறக்கத் தொடங்கினார்கள். பறந்துவிட்டு வந்தவர்கள், பறக்காதவர்களோடு பேசும்போது பார்வையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்கள். மேலே பழகிய பழக்கம், இறங்கிய பிறகும் விடவில்லை.

அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்த அதிகாரியின் மனைவி கைப்பையைச் சோபாவில் எறிந்தாள்.

"கூடத்துல சுவர் அளவுக்குப் படம் மாட்டியிருக்கா. என்னை உட்காருன்னுகூடச் சொல்லல. 'மேல இருந்து பார்த்தேன்டி, உங்க வீடு தீப்பெட்டி மாதிரி இருந்துச்சு'ங்கறா."

"அவங்க வீடும் மேல இருந்து பார்த்தா தீப்பெட்டிதான்."

"அதைச் சொல்றதுக்கு நாமளும் மேல போயிருக்கணும்ல?"

போகலாம்தான். ஆனால் சொந்தக் காசில் பறப்பது அரசு ஊழியரின் கண்ணியத்துக்கு இழுக்கு என்பது அவருடைய நீண்டநாள் கொள்கை. சொந்தக் காசில் அவர் குடைகூட வாங்கியதில்லை.

மறுநாள் அலுவலகத்தில் கால்வாய்த் தெருத் தையற்காரி வந்து நின்றாள். அவளுக்கு அங்கே 'ஊசி' என்று பெயர். கால்வாய் எங்கேயோ அடைத்துக்கொண்டு, கடலுக்குப் போக வேண்டிய சாக்கடை அவள் தெருவுக்குள் திரும்பியிருந்தது. அவள் வந்தால் அதன் வாடையும் கூடவே வரும். எழுத்தர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். போன பிறகு மூடுவார்கள். அவள் மனு விஷயமாக அந்த அலுவலகம் எடுத்திருந்த நடவடிக்கை அது ஒன்றுதான்.

"சார், தண்ணி மெஷின் மிதிகட்டை வரைக்கும் வந்துருச்சு. சாக்கடைக்குள்ள காலை விட்டுகிட்டுத்தான் தைக்கிறேன். கல்யாணத் துணி கொடுத்தவங்க மோந்து பார்த்துட்டு அப்படியே வச்சுட்டுப் போயிட்டாங்க. வீட்டுல பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் விட்டபாடில்ல. ஒரே ஒரு தடவை வந்து பாருங்க சார்."

"பார்த்தாச்சும்மா."

"எப்ப சார்?"

"கோப்புல."

"கோப்பு நாறுமா சார்?"

அதிகாரி தம் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை அவரே மறந்துவிட்டார்.

"அந்தம்மா சொல்றது நியாயம்தான் சார்" என்றார் ஆமாஞ்சாமி. "நீங்க சொல்றதும் நியாயம்தான்."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லப்போறதும் நியாயமாத்தான் இருக்கும் சார்."

இந்த இடத்தில்தான் அதிகாரிக்கு ஞானம் பிறந்தது. தையற்காரியை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"என் பதவிக்குப் பேர் என்னய்யா?"

"கழிவுநீர் மேற்பார்வை அதிகாரி சார்."

"மேற்பார்வைன்னா?"

ஆமாஞ்சாமி பத்திரமாகக் கூரையைப் பார்த்தார்.

"அதேதான். மேல இருந்து பார்க்கிறது. இத்தனை காலம் நாம பக்கத்துல நின்னு பார்த்திருக்கோம். அது பக்கப்பார்வை. சில நேரம் குனிஞ்சு வேற பார்த்திருக்கோம். எவ்வளவு பெரிய விதிமீறல்!"

வான்வழி ஆய்வுக்கு அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினார்கள். கால்வாய் தூர்வாரும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கேட்ட விண்ணப்பம் அங்கே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. இதற்கு மட்டும் அன்று மாலையே சம்மதம் வந்தது. மேலே போவதைப் பற்றிய யோசனை எதுவானாலும் மேலிடத்துக்குப் பிடிக்கும். பொதுமக்கள் சார்பில் ஒருவர் உடன் இருப்பது ஆய்வின் நம்பகத்தன்மைக்கு அவசியம் என்பதால், அதிகாரி பொதுமக்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய மனைவி தேர்வானாள்.

பொதுமக்கள் பிரதிநிதி அக்காவுடையதைவிடப் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். விமானி ஒரு சிடுமூஞ்சி. "பெல்ட்டை இழுத்துக் கட்டுங்க. குமட்டுனா பை இருக்கு. என்கிட்ட ஊரைப் பத்திக் கேட்காதீங்க, நான் கீழ பார்த்து ஓட்டுறதில்ல" என்றார். ஆமாஞ்சாமி ஏறும்போதே பையை விரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

விமானம் தடதடவென்று ஓடி, ஒரு துள்ளலில் எழுந்தது. அதிகாரி கண்ணை மூடினார். திறந்தபோது கீழே ஊர் கிடந்தது.

அவர் பிறந்து வளர்ந்த ஊர். அவருக்கே அடையாளம் தெரியவில்லை. கடல் நீலப் பட்டாக விரிந்திருந்தது. அதன் ஓரத்தில் குப்பைமேடு ஒரு குன்றுபோல் எழுந்து நிற்க, பறவைகள் வெள்ளை வெள்ளையாக அதன்மேல் இறங்கின. கால்வாய்த் தெருக்காரர்கள் வீட்டுக்குள்ளிருந்து தண்ணீரை வாரி இறைக்கும் பிளாஸ்டிக் வாளிகள், சிவப்பும் மஞ்சளுமாக மணிகோத்ததுபோல் மினுங்கின. அடைப்பைத் தாண்டிக் கசிந்த கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்தில், கரும்பச்சையும் ஊதாவும் குழைந்து மயில்தோகையாக விரிந்தது.

"அய்யோ, என்ன அழகு!" என்று கண்ணாடியைக் கழற்றினாள் மனைவி. "அது என்னது?"

"நம்ம சாக்கடை மேடம்" என்றார் ஆமாஞ்சாமி, பைக்குள்ளிருந்து.

"நம்மளோடதா?" அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

அதிகாரி ஜன்னலில் மூக்கை அழுத்திக் கீழே பார்த்தார். வாழ்நாள் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு பெயர் சொல்லப்பட்ட துறை அவருடையது. பெண் பார்க்கப் போனபோது 'பொதுப்பணி' என்று மழுப்பியவர். இவ்வளவு அழகை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒருவரும் சொல்லவில்லையே! நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். நாற்றம் துளியும் இல்லை.

ஆய்வின் முடிவுகள் அன்றே வெளியாயின. நகரத்தில் துர்நாற்றம் உணரப்படவில்லை. கொசு ஒன்றுகூடத் தென்படவில்லை. கால்வாய் எழிலோடு காட்சியளித்தது. கால்வாய்த் தெரு மக்கள் வண்ணமயமாக இருந்தனர். இனிமேல் வரும் புகார் எதுவும் மேலிருந்து சரிபார்க்கப்பட்ட பிறகே புகார் என ஏற்கப்படும்.

மற்றத் துறைகள் சும்மா இருக்குமா? சாலைத் துறை பறந்து பார்த்தது. பள்ளங்களில் தேங்கிய நீர் கண்ணாடிச் சில்லுபோல் ஜொலித்ததால், அவற்றை மூடுவது அழகியலுக்கு எதிரானது என்று தீர்மானித்தது. சுகாதாரத் துறை பறந்தது. மருத்துவமனை வாசலில் நோயாளி ஒருவர்கூட நிற்பதாகத் தெரியவில்லை, மரம்தான் தெரிந்தது. கல்வித் துறைக்கு இன்னும் சௌகரியம். கூரை போன பள்ளிக்கூடங்களில் வகுப்பு நடப்பதை நேரடியாகவே மேற்பார்வையிட முடிந்தது. கூரையுள்ள பள்ளிகளிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

தையற்காரி திரும்ப வந்தாள். இந்த முறை தெருவையே கூட்டிக்கொண்டு வந்தாள்.

"வண்ணமயமா இருக்கோமாம்ல சார்?"

"பாருங்கம்மா. நீங்க எல்லாத்தையும் கீழ இருந்து பார்க்குறீங்க. அதுதான் பிரச்சினை."

"நாங்க கீழதான சார் குடியிருக்கோம்?"

"அது உங்க தனிப்பட்ட விஷயம்."

கூட்டம் முன்னால் நகர்ந்தது. ஆமாஞ்சாமி பின்னால் நகர்ந்தார். அதிகாரி அசையவில்லை. மேலே போய் வந்தவருக்கு ஒரு நிதானம் வந்துவிடுகிறது. "நீங்களே வந்து பாருங்க. அரசு விமானம், அரசு செலவு. பார்த்துட்டு வந்து, சாக்கடை நாறுதுன்னு நீங்க சொல்லிட்டா, நான் அந்த நிமிஷமே ராஜினாமா" என்றார்.

"சொல்றேன் சார்" என்றாள் அவள். "இறங்குன உடனே, வண்டி நிக்கிறதுக்குள்ள சொல்றேன்."

தெரு முழுவதும் விமான நிலையம் வரை வந்து அவளை வழியனுப்பியது. எதிர்த்த வீட்டுக் கொல்லர், "அக்கா, உள்ளதை உள்ளபடி சொல்லிடு. இந்தாளை இன்னிக்கோட வீட்டுக்கு அனுப்பிடணும்" என்றார். விமானம் கிளம்பிப் போய், கடலுக்கு மேலே ஒரு வட்டமடித்து, இறங்கியது. அவள் வெளியே வந்தாள். தலைமுடி கலைந்திருந்தது. முகம் என்னவோபோல் இருந்தது.

"பார்த்தீங்களாம்மா?" என்றார் அதிகாரி.

"பார்த்தேன் சார்."

"சாக்கடை?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு மெதுவாக, "எங்க தெரு அப்படி வளைஞ்சு போகும்னு எனக்கு இத்தனை நாளா தெரியாது சார்" என்றாள். "பாவாடை ஓரத்துல லேஸ் வச்சுத் தைச்ச மாதிரி... என்னால அவ்வளவு நேர்த்தியாத் தைக்க முடியாது."

"அக்கா! நாத்தம்?" என்று கத்தினார் கொல்லர்.

"மேல வரலடா."

கொல்லர் அவளைத் துரோகி என்றார். அரசாங்கத்துக்கு விலைபோனவள் என்றார். அவள் மட்டும் எப்படிப் போகலாம் என்றார். இந்தக் கடைசிக் கேள்வி கூட்டத்துக்குப் பிடித்துப்போயிற்று. நியாயம்தானே, சாக்கடை எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்போது விமானம் மட்டும் எப்படி ஒருத்திக்கு? வாரம் திரும்புவதற்குள் கால்வாய்த் தெரு தட்டி பிடித்து ஊர்வலம் வந்தது. தட்டியில் கால்வாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 'பறப்பது எங்கள் உரிமை' என்றிருந்தது.

அதிகாரி உருகிப்போனார். தம் பணிக்காலத்தில் நிறைவேற்றக்கூடிய ஒரு கோரிக்கையோடு மக்கள் வருவது அதுவே முதல் தடவை. சுற்று முறை வைத்துத் தெருத்தெருவாகப் பறக்கவிட்டார். கொல்லர் போய்விட்டு வந்து, தம் பட்டறைப் புகை மேலே இருந்து பார்க்கக் கவிதையாக இருக்கிறது என்றார். காய்ச்சல் பிள்ளைகள்கூடப் போய்விட்டு வந்தன. தையற்காரியின் சுவரில், தண்ணீர் எட்டாத உயரத்தில், கால்வாயின் படம் தொங்கியது. புகார்கள் நின்றுபோயின. தூர்வாரும் இயந்திரத்தின் பழுதுபார்ப்பு விண்ணப்பத்தை, தேவை எழவில்லை என்று மேலிடம் திருப்பி அனுப்பியது. அதிகாரிக்கு விருது அறிவித்தார்கள்.

விருது விழாவுக்கு முந்தின நாள் மழை பிடித்தது. மழை என்றால் ஒன்றும் அதிசய மழை இல்லை, வருஷாவருஷம் பெய்கிற மழைதான். ஆனால் போவதற்கு வழியில்லாத தண்ணீர், பதவி அந்தஸ்து பார்க்கவில்லை. காலையில் அதிகாரி கட்டிலிலிருந்து காலை இறக்கியபோது தரை இருந்த இடத்தில் தரை இல்லை. சோபா மிதந்து வந்து சமையலறைக் கதவை முட்டிக்கொண்டிருந்தது. அந்த வாடை! தையற்காரி அறைக்குள் வந்து நிற்பதுபோல் அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். யாரும் இல்லை.

அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"யோவ், வீட்டுக்குள்ள சாக்கடை வந்துருச்சுய்யா! ஆளை அனுப்பு, பம்ப்பை அனுப்பு!"

"மேல இருந்து சரிபார்க்கணும் சார்" என்றார் ஆமாஞ்சாமி.

"நான்தான்யா பேசுறேன்!"

"குரல் தெரியுது சார். நீங்க சொல்றது நியாயம்தான். நீங்க போட்ட விதியும் நியாயம்தான். அமைச்சர் இப்ப விமானத்துலதான் இருக்கார். உங்க குடியிருப்புல எல்லா வீட்டுக்கும் நீச்சல் குளம் இருக்கறதா அமைச்சர் சந்தோஷப்பட்டதா தகவல் வந்துச்சு சார்."

தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் அதிகாரியும் மனைவியும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். ஊரே மாடியில் நின்றது. சகலை தம் மாடியில் தரை ஓடு விளம்பரத் துணித் தட்டியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். தூரத்தில் கால்வாய்த் தெருக் கூரைகளில் ஜனங்கள் கோழிகளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் குந்தியிருந்தார்கள். மேகத்தைக் கிழித்துக்கொண்டு விமானம் தாழ வந்தது.

அதிகாரி இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். "காப்பாத்துங்க! இங்க! இங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். எல்லா மாடிகளிலும் எல்லோரும் கையை ஆட்டினார்கள்.

"வாயை மூடுங்க" என்று மனைவி அவர் விலாவில் இடித்தாள். "மேல படம் எடுப்பாங்க. இப்படி வாயைப் பொளந்துகிட்டு நின்னா அசிங்கமா விழும். சிரிங்க."

அவர் சிரித்தார். விமானம் இறக்கையை ஒருமுறை சாய்த்துப் பதில் மரியாதை செய்துவிட்டுப் போயிற்று.

சற்று நேரத்தில் பக்கத்து மாடி வானொலியில் செய்தி வந்தது. பண்டிகைக் கோலத்தில் கூரைகள்மேல் திரண்டு நின்று கையசைத்து வரவேற்ற மக்களின் அன்பில் அமைச்சர் திக்குமுக்காடிப் போனார். அவர்களுடைய ஆர்வத்தை மதித்து, இன்னும் பெரிய விமானம் ஒன்றை உடனே வாங்க அரசு முடிவு செய்துள்ளது.

தண்ணீர் சுவரில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பக்கத்து மாடியில் நின்ற ஓய்வுபெற்ற நீதிபதி, ஈர வேட்டியைப் பிழிந்தபடி, "பெரிசுன்னா, ஜன்னலோர சீட்டு நிறைய இருக்கும்ல?" என்றார்.

எங்கேயோ ஒருவர் கைதட்டினார். அடுத்த மாடி தட்டியது. கால்வாய்த் தெருவிலிருந்தும் கைதட்டல் தண்ணீர்மேல் தவழ்ந்து வந்தது. சகலை தட்டியை நழுவவிட்டுத் தட்டினார். அதிகாரியின் மனைவி தட்டினாள்.

அதிகாரி மட்டும் தட்டவில்லை. அவருக்குக் கை ஒழியவில்லை. ஜன்னலோரமாக இரண்டு சீட்டுச் சொல்லிவைக்க அலுவலகத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். லைன் கிடைக்கவில்லை. ஊரே அந்த நம்பரைத்தான் அழைத்துக்கொண்டிருந்தது.