கனகசபை வீட்டு ஃபயர்வால்

"பாஸ்வேர்ட் சரி, லைன் சரி. அப்புறம் ஏன் மெயில் வரமாட்டேங்குது?"

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு முன்னறையில் கனகசபை கணினியோடு வாதாடிக்கொண்டிருந்தார். குடிநுழைவுத் துறையில் பாஸ்போர்ட் பார்த்து ஆளை உள்ளே விடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணினிக்குள் வைரஸ் நுழைகிறது என்று கேள்விப்பட்ட அன்றே ஃபயர்வால் போட்டுக்கொண்டார். கண்ட ஆட்களை வாசலிலேயே நிறுத்தும் அந்த மென்பொருளை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மெல்பர்னில் மாசமாக இருக்கும் மகள் புஷ்பவல்லி, வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் படத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். அதுதான் வந்து சேரவில்லை. முதல் பேரப்பிள்ளை. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆரம்பத்தில் சிக்கல் சின்னதுதான். கணினியைத் திறந்ததும் மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி போன் லைனைப் பிடித்துவிடும். ஃபயர்வால் அதற்கப்புறம்தான் சாவகாசமாகக் கண் விழிக்கும். போன் லைன் வழியாகத்தான் இன்டர்நெட் வந்த காலம் அது.

"ஆபீசர் வந்து உக்கார்றதுக்கு முன்னாடி ஆளுங்க கேட்டைத் தாண்டலாமா?" என்றபடி, ஃபயர்வால் முதலில் எழும்படி மாற்றினார். அது எழுந்து மோடத்தையே மறித்தது.

ஃபயர்வாலைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார். இப்போது அது கணினியிலுள்ள எதைக் காட்டியும், இதை இணையத்துக்குப் போக விடலாமா என்று அவரையே கேட்டது. சந்தேகம் வந்தால் மறுத்துப் பழகிய கை. நேரம் சரிபார்க்கப் போன கணினிக் கடிகாரத்துக்குக்கூட 'நோ' போட்டார்.

சனிக்கிழமை போன் அடித்தது.

"படம் பாத்தீங்களாப்பா?"

"இன்னும் இல்லம்மா. இந்தா, அம்மாகிட்ட பேசு."

மனைவி பூமணி ரிசீவரை வாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். வாந்தி நின்றதா, புளி கிடைக்கிறதா என்று பேச்சு நீண்டது. கனகசபை மறுபடி கணினியைக் குடைந்தார்.

கடைசியில் கம்ப்யூட்டர் கடை அய்யூப்பை வரவழைத்தார்கள்.

"அங்கிள், மெயிலுக்கு 'நோ' போட்டு, இனிமே கேக்காதேன்னு டிக் வேற பண்ணியிருக்கீங்க."

"மக மெயிலுக்கு நான் நோ போடுவேனா?"

"கை தவறியிருக்கும் லா."

அய்யூப் தடையை நீக்கினார். மோடம் கத்தியது. படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கியது. கனகசபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எதிர்வீட்டுப் பழனியப்பனைக் கூட்டிவர, செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

பூமணி படத்தை வெகுநேரம் பார்த்தார். திரையை விரலால் தடவினார். அப்புறம் அய்யூப்புக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"எல்லாம் சரியாயிருச்சா தம்பி?"

"சரியாயிருச்சு ஆன்டி. இனிமே மெயில் ஒழுங்கா வரும்."

பூமணி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப அந்த 'நோ'வை மறுபடி எங்க அமுக்கணும்னு காட்டிட்டுப் போ தம்பி. மெயில் வந்தா இவரு படிச்சிட்டு 'நல்லா இருக்காளாம்'னு ஒத்த வரியில முடிச்சிடுவாரு; வராட்டிதான் எம்மவ போன் பண்ணுவா."