இரண்டு தடைகளும் ஒரு புதுப் பூட்டும்

அறையிலிருந்த கரும்பலகையில் யாரோ கை வைத்திருந்தார்கள்.

தற்காலிக விரிவுரையாளருக்குப் பகீரென்றது. ஒரு குவாண்டம் துகள் இரண்டு தடைகளைத் தாண்டிப் போகும் கணக்கு அது. வழக்கமான எண்களை விட்டுவிட்டு, நாற்கூறு எண்களில் போட்டிருந்தார். அந்த எண்களில் எதை முன்னால் வைத்துப் பெருக்குகிறோம் என்பது முக்கியம். வரிசை மாறினால் விடையும் மாறிவிடும். முதல் தடையை அவர் முன்னால் வைத்திருந்தார். இப்போது இரண்டாவது தடை முன்னால் நின்றது.

வெள்ளிக்கிழமை நேர்காணல். இந்தக் கணக்கைக் காட்டித்தான் வேலை நிரந்தரமாக வேண்டும்.

பழையபடி மாற்றி, கீழே "தொடாதே" என்று எழுதிவிட்டு மத்தியான வகுப்புகளுக்குப் போனார்.

மறுநாள் காலை வரிசை மறுபடி மாறியிருந்தது. கீழே, "நீ தொடாதே."

என்ன திமிர்! சந்தேகம் நேரே எதிர் அறைக்காரர் மேல் போனது. அவரும் அதே வேலைக்கு விண்ணப்பித்தவர். இரண்டு நாளாகக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு வேறு இருந்தார்.

"என்ன சார், ஒரே சிரிப்பா இருக்கு?"

"புதுசா பல்லு கட்டியிருக்கேன் சார். வாய் மூட மாட்டேங்குது."

விரிவுரையாளர் நம்பவில்லை. கணக்கைப் பழையபடி மாற்றிவிட்டுப் பியூனைக் கூப்பிட்டார்.

"என் ரூமுக்குப் புதுப் பூட்டு போடுப்பா. எதிர் ரூம்காரர் கண்ணுல சாவி படக் கூடாது."

"படாது சார்."

புதன்கிழமை பூட்டு பூட்டியபடி இருந்தது, கணக்கு மாறியிருந்தது. உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். மாற்றியதுதான் சரி. திருத்திவிட்டுத் தன் பெயரில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறான்!

பலகை முழுக்கப் பெரிதாக எழுதினார்: "அடுத்தவன் கணக்கில் பிழைக்கிற திருட்டுப் பயலே, தைரியமிருந்தால் நேரில் வா!"

வியாழக்கிழமை பலகை சுத்தமாக இருந்தது. நடுவில் ஒரே வரி: "நாளை வருகிறேன்."

விரிவுரையாளர் பியூனைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லு. எதிர் ரூம்காரருக்கு நீதானே சாவி கொடுத்தே?"

"ஐயோ, அவருக்கு எதுக்கு சார் கொடுக்கறேன்? மத்தியானத்துல உங்க ரூம்ல உக்கார்றவங்களுக்கு மட்டும்தான் கொடுத்தேன். நாளைக்கு உங்களை இன்டர்வியூ பண்ண வெளியூர்லேர்ந்து வந்திருக்காங்களே, அந்த மேடத்துக்கு."